காற்று நின்றபின் அடித்த மணி

ட்ரெனோவ்லேயில் ஒருவர் இறந்துபோனால் டாக்டருக்குச் சொல்வதற்கு முன்பே ஸோர்காவுக்குச் சொல்லிவிடுவார்கள். வாசலில் வந்து நிற்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். "அப்பா போயிட்டாரு" என்பார்கள். அவள் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவாள். கொஞ்ச நேரத்தில் சிறிய மணி அடிக்கும். பெண்ணென்றால் நடுவில் ஒரு முறை நிறுத்தும். ஆணென்றால் இரண்டு முறை நிறுத்தி மூன்று தவணையாக அடிக்கும். திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருப்பவன் தொப்பியைக் கழற்றுவான். அடுப்படியில் நிற்பவள் கரண்டியைக் கீழே வைப்பாள். மூன்றாவது தவணை வருகிறதா என்று ஊரே காது கொடுக்கும்.

ஸோர்கா அந்த மாதா கோயிலின் கோயில்பிள்ளை; மணியும் விளக்கும் பூசைச் சாமான்களும் அவள் பொறுப்பு. ஒரு பெண்ணையா அந்த வேலைக்கு வைப்பது என்று முதலில் முணுமுணுப்பு இருந்தது. வேறு யாரும் முன்வராததால் அது தானாக அடங்கியது. அவளுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்து மணியடித்தவன் கரெல். அவன் செத்துப்போனபிறகு கோபுரத்தில் மோட்டார் வைத்தார்கள். மோட்டாரை இயக்குவதற்கு மணிக் கம்பெனிக்காரன் ஒரு பெட்டியை விற்க வந்தான். ஃபாதர் ஸ்டாங்கோ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம ஸோர்காவே செஞ்சிடுவா" என்று அவனுக்கு ஒரு கோப்பை ஒயின் கொடுத்து அனுப்பிவிட்டார்.

செய்யத்தான் செய்தாள். இளம் வயதிலிருந்தே பள்ளத்தாக்கில் இருந்த மேசை நாற்காலித் தொழிற்சாலையின் கணினி அறையில் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியபோது ஆளாளுக்கு நாற்காலி, மேசைவிளக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் ஒரு பழைய கணினியைக் கேட்டாள். அதுதான் இப்போது பீடத்துக்குப் பின்னால், பூசை உடைகள் தொங்கும் அறையில், மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதில் அவள் எழுதிய ஸ்கிரிப்ட், மோட்டாரை இயக்கும் ஒரு சின்ன நிரல், ஓடுகிறது. திரையில் நான்கே வரி கொண்ட ஒரு மெனு. ஏ அழுத்தினால் மூவேளை மணி. பி பூசைக்கு. சி இறந்த பெண்ணுக்கு. டி இறந்த ஆணுக்கு.

ஒரே ஒரு விசை, அதோடு முடிந்தது. என்டர் கிடையாது. 'உறுதியா' என்று திருப்பிக் கேட்பதும் கிடையாது. குளிர்காலத்தில் கையுறையோடு அழுத்த வேண்டும், ஒரு கையில் தூபக்கலசம் இருக்கும், சுருக்கமாக இருந்தால் போதும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அழுத்துகிற எழுத்து திரையில் விழ வேண்டாம் என்பது ஸோர்காவின் முடிவு. திரை துப்புரவாக இருக்கும் என்று நினைத்தாள்.

நாலைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை.

அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் மணி, புர்யா அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆடி, அதைத் தாங்கும் இரும்பில் விரிசல் விட்டுவிட்டது. புர்யா எங்கள் மலைக்கு உரிய வாடைக்காற்று. லாரியைக் கவிழ்க்கும், ஓட்டைத் தூக்கும். மணிக் கம்பெனிக்காரன் ஒவ்வொரு கோபுரமாக ஏறிக் காற்றளக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனான். ஸோர்கா தன் ஸ்கிரிப்டில் கொஞ்சம் சேர்த்து எழுதினாள். காற்று மிஞ்சினால் எதையும் கேட்காதே, 'காற்று, காத்திரு' என்று மட்டும் திரையில் காட்டிவிட்டுப் பேசாமல் இரு. காற்று அடங்கியதும் மெனுவுக்குத் திரும்பு. அதே சமயத்தில் பழைய கனத்த திரை புகைந்துபோனதால், யாரோ தானமாகக் கொடுத்த தட்டையான திரை ஒன்று வந்தது. யாரும் தொடாவிட்டால் அது சற்று நேரத்தில் இருண்டு தூங்கிவிடும். இவ்வளவுதான் மாற்றம்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு மணியைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. அவள் கணவன் சில்வோ படுத்திருந்தான். இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் மரம் ஏற்றிப்போன லாரிக்காரன். குரல் மட்டும்தான் இப்போது பழைய அளவில் இருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வந்தது. மாடிப்படி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே அடுப்படிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வரும் மெழுகுவர்த்தித் திருநாள் கழிந்த வாரத்தில் தலைநகர் லூப்லியானாவில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தது. செய்யாவிட்டால் அடுத்த திராட்சை அறுப்பைப் பார்ப்பது கடினம் என்று டாக்டர் சில்வோவின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார்.

"கடினமா, நடக்காதா?" என்று சில்வோ கேட்டான்.

"நடக்காது."

"அப்ப நேராச் சொல்ல வேண்டியதுதானே. லாரிக்காரன்கிட்ட எதுக்குச் சுத்திவளைச்சு?"

முதல் தடவை அது நடந்தது ஜனவரியில். நாலைந்து நாளாக புர்யா. அந்த நாட்களில் மணியும் இல்லை, பறவையும் இல்லை. காற்று ஒன்றுதான் வீட்டுக்கு வீடு புகுந்து பேசிக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகலில் அது சட்டென்று நின்றது. புர்யா அப்படித்தான் நிற்கும், யாரோ கதவைச் சாத்தியது போல. காதுக்குள் அமுக்கியிருந்த பஞ்சை எடுத்ததுபோல ஒரு அமைதி. ஸோர்கா புளித்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அமைதிக்குள் சிறிய மணி அடித்தது.

கரண்டியைக் கீழே வைத்தாள். மணி நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாவது முறையும் அடித்தது.

கட்டிலில் இருந்து சில்வோ கேட்டான். "யாரு?"

"தெரியல."

"நீ இங்கதானே நிக்கிறே?"

"இங்கதான் நிக்கிறேன்."

அவள் ஓடினாள். கோயில் பூட்டியிருந்தது. சாவி அவளிடமும் ஃபாதரிடமும் மட்டும்தான். ஃபாதரோ அன்று காலையே பக்கத்து ஊர்ப் பங்குக்குப் போயிருந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பூசை உடைகள் அசையாமல் தொங்கின. தரையில் அவள் கால்தடம் தவிர வேறு ஈரம் இல்லை. திரையில் நான்கு வரி மெனு, ஒரு விசைக்காகக் காத்திருந்தது, ஒன்றும் நடக்காதது போல.

வெளியே வந்தபோது பாதி ஊர் கோயில் மேட்டடியில் நின்றது. முன்னால் பக்கத்து வீட்டு மில்கா. ஊரில் யாருக்கு எந்த நோய் என்பது அவளுக்கு நோயாளியைவிடச் சீக்கிரம் தெரியும்.

"யாருடி ஸோர்கா?"

"யாருமில்ல அத்தை. நான் அடிக்கல. ஏதோ மெஷின் கோளாறு."

"மெஷினுக்கு ஆம்பிளை பொம்பளை தெரியுமா? மூணு தரம் அடிச்சதே."

"கரெல் வந்து அடிச்சிருப்பான்" என்று பின்னால் ஒருவன் சொன்னான். "சும்மா இருக்க மாட்டான் அவன்."

"கரெலுக்குக் கீபோர்டு தெரியாதேடா" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சிரித்தார்கள். மில்கா சிரிக்கவில்லை. திரும்பி ஸோர்காவின் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள். ஊரில் அந்தச் சமயம் படுக்கையில் இருந்த ஆண் ஒருவன்தான்.

அன்று மாலை ஸோர்கா ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். குறை எதுவும் கண்ணில் படவில்லை. டி என்று ஒரு எழுத்து வந்தால்தான் மணி அப்படி அடிக்கும். அந்த எழுத்தை அழுத்த அங்கே விரல் வேண்டும்.

பத்து நாள் போலக் கழித்து மறுபடி புர்யா. அது நின்ற நண்பகலில் மறுபடி மணி. அடங்கிய காற்றில், வெயிலடிக்கும் வெறும் தெருவில், மூன்று தவணையாக. இந்த முறை யாரும் கோயிலுக்கு ஓடவில்லை. அவரவர் வாசலில் நின்று ஸோர்காவின் வீட்டைப் பார்த்தார்கள். சிலர் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார்கள்.

சில்வோ அன்று சூப்பைத் தொடவில்லை.

"லூப்லியானாவுக்குப் போன் பண்ணி வரலேன்னு சொல்லிடு" என்றான்.

"என்ன உளர்றே?"

"ஒரு தரம் அடிச்சா கோளாறு. ரெண்டாவது தரமும் அடிச்சா அழைப்பு. முடிஞ்ச கணக்குக்கு எதுக்குக் கத்தி? நெஞ்சைப் பொளந்து ஏதோ ஒரு மேசையில போறதுக்கு இந்தக் கட்டில்லயே போறேன். சூப் வாசனையாவது வரும்."

"பிளக்கையே புடுங்கிடறேன். அப்ப எப்படி அடிக்கும்?"

"புடுங்கு. அது சொல்ல வந்ததைச் சொல்லிடுச்சே."

ஃபாதர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து பேசினார். மூடநம்பிக்கை பாவம் என்றார். சில்வோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி ஃபாதர், அப்ப அதை அடிச்சது யாரு? ஒரு பேரு சொல்லுங்க, நான் போறேன்" என்றான். ஃபாதர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டார்.

அறுவைக்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸோர்காவுக்கு இப்போது தேவைப்பட்டது ஒரே ஒரு விரல். யாருடையது என்று தெரிந்தால் கணவனை வண்டியில் ஏற்றிவிடுவாள்.

அடுத்த புர்யா தொடங்கியதும் முதல் வேலையாக ஸ்கிரிப்டில் ஒரு வரியை எடுத்தாள். அழுத்தும் எழுத்தைத் திரையில் காட்டாமல் மறைத்த வரி அது. வருகிறவன் எதைத் தொட்டாலும் இனி திரையில் தடம் விழும். பிறகு கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, கோட்டோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து காவல் இருந்தாள். மேலே கோபுரத்தில் காற்று ஊளையிட்டது. மணிகள் தம் இரும்பில் மெல்ல முனகின. திரையில் 'காற்று, காத்திரு' என்று இருந்தது. சற்று நேரத்தில் திரை இருண்டது. இருண்ட கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளை உடைகள் தெரிந்தன. வரிசையாக, தலையில்லாமல். அவற்றில் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் வந்த காற்று.

ஒருவரும் வரவில்லை. இன்னும் காத்திருக்கிறதா, காற்று அடங்கிவிட்டதா என்று பார்க்க அவள் கையை நீட்டித் திரையை எழுப்பினாள்.

திரை விழித்தது. 'காற்று, காத்திரு' என்ற வரிக்குக் கீழே, இதுவரை அங்கே இல்லாத நான்கு கிறுக்கல்கள் இருந்தன. கூரை மாதிரி ஒன்று. இரண்டு சதுர அடைப்புக்குறிகள். கடைசியில், டி.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் இன்னும் கீபோர்டின் மேல், இடது அம்பு விசையில் இருந்தது.

தொழிற்சாலையில் அவள் சேர்ந்த முதல் வாரத்தில் அவர்கள் பிரிவுத் தலைவி நெவெங்கா சொல்லிக்கொடுத்தது அது. "தூங்குற திரையை எழுப்பணும்னா எழுத்தைத் தொடாதே, கண்ணு. என்டரைத் தொடவே தொடாதே, எவனோ பாதியில விட்ட ஆர்டர் போய்ச் சேந்துடும். இடது அம்பைத் தட்டு. அது எதையும் எழுதாது." அந்த அறையில் இருந்த அத்தனை பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். காலம் முழுக்கச் செய்து செய்து, அது தட்டுவதாகவே தெரியாமல் போனது. கதவைத் திறக்கும்போது கைப்பிடியைப் பற்றி யாராவது நினைக்கிறார்களா? மணியடிக்க வரும் சாதாரண நாட்களில் அவள் திரையைப் பார்ப்பதே இல்லை. நேராக ஏவையோ பியையோ அழுத்திவிட்டுப் போவாள். புர்யா அடிக்கும்போது மட்டும், இன்னும் காத்திருக்கிறதா என்று ஒரு தரம் எட்டிப் பார்க்க வருவாள். வந்தால் இருண்ட திரையை எழுப்புவாள்.

மிச்சத்தை அவளால் அங்கேயே உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. அம்பு விசை கணினிக்கு ஒரு எழுத்தாகப் போவதில்லை, மூன்றாகப் போகிறது. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, பிறகு அடைப்புக்குறி, பிறகு ஒரு எழுத்து. இடது அம்புக்கு அந்த எழுத்து டி. கண்ணுக்குத் தெரியாததைத்தான் திரை கூரையாகவும் இன்னொரு அடைப்புக்குறியாகவும் வரைந்து காட்டியிருந்தது. ஸ்கிரிப்ட் காத்திருக்கும்போது அவை எங்கும் போய்விடுவதில்லை. வாசலில் நிற்பவர்களைப் போல வரிசையில் நின்றுகொண்டிருக்கும். காற்று அடங்கும், மெனு ஒரு விசையைக் கேட்கும், முதலாவது உள்ளே போகும், தன் நான்கு எழுத்தில் அது இல்லை என்று மெனு தள்ளிவிடும், இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதாக டி. உறுதியா என்று கேட்காத மெனு.

தன் கணவனுக்கு இரண்டு முறை சாவு மணி அடித்தவள் அவள்தான். நிம்மதி வரவேண்டும். வந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அந்த விரலைக் கையுறைக்குள் நுழைத்தபோது அது தன்னுடையதாக இல்லை.

ஸ்கிரிப்டை நிறுத்தி, வரிசையில் நின்றவற்றை அழித்து, புதிதாக ஓடவிட்டபின் வீட்டுக்கு வந்து சில்வோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆக, நீதான்."

"நான்தான். கைப்பழக்கம்."

"அத்தனை கீ இருக்கு அதுல. உன் விரல் தேடிப்போய் அதையா தொட்டுது?"

"தேடிப்போகல சில்வோ. எப்பவும் அதைத்தான் தொடுவேன். தொழிற்சாலைல எல்லாருமே."

"உன் மெனுல ஆம்பிளைக்கு டின்னு வெச்சது யாரு?"

"நான்."

"ம்" என்றான். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை வண்டில ஏத்தறதுக்காக இதை இட்டுக்கட்டலேன்னு எப்படி நம்பறது? நீ எனக்காகப் பொய் சொல்றவதான்."

"என்ன செஞ்சா நம்புவே?"

"என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு. காத்துல தட்டு. காத்து நிக்கட்டும். அடிச்சா, நீதான். நான் லூப்லியானாவுக்குப் போறேன்."

"அடிக்கலேன்னா?"

"அடிக்கலேன்னா வேற யாரோ."

மறுநாள் புர்யா இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு கோட்டு மாட்டி, தோளில் தாங்கி, சுவரோரமாகவே கூட்டிக்கொண்டு போனாள். பத்தடிக்கு ஒரு தரம் அவன் நின்று வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். மேடேறி முடிப்பதற்குள் உதடு நீலமாகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வந்தபிறகு, சுற்றிப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்குக் கூட இந்த ரூமுக்குள்ள என்னை விடல" என்றான்.

திரை இருண்டிருந்தது. ஸோர்கா கீபோர்டுக்கு முன்னால் நின்றாள். கையுறையைக் கழற்றினாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். மூன்று எழுத்து, ஒரு வரிசை, ஒரு மெனு. அதில் பேயும் இல்லை அழைப்பும் இல்லை. முன்பு தட்டியபோது தெரியாமல் தட்டினாள். இப்போது தட்டினால், உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் இந்த மனிதனுக்கு, தெரிந்தே. விரல் விசைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

"தட்டு" என்றான் சில்வோ.

அவள் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "நான் சொன்னா நம்பக் கூடாதா?"

"பாத்தியா. உனக்கும் பயம். உனக்கே பயம்னா என்னை எதுக்குடி போகச் சொல்றே?"

தட்டாவிட்டால் அவன் போகமாட்டான். போகாவிட்டால் அடுத்த அறுப்புக்கு இருக்கமாட்டான். அவள் குளிர்ந்த விரலை வெளியே எடுத்து, கண்ணை மூடாமல், இடது அம்பைத் தட்டினாள். திரை விழித்தது. நான்கு கிறுக்கல். அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"அதுவா?"

"அதுதான்."

"இவ்வளவு சின்னதாவா?"

அதன்பிறகு காத்திருப்பதுதான். ஸோர்கா ரொட்டியும் உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியும் கொண்டுவந்திருந்தாள். அவன் பல நாளுக்குப் பிறகு சாப்பிட்டான். டிரியெஸ்தே துறைமுகத்துக்குப் போகும் வழியில் இந்தக் காற்றில் ஒரு பாதிரியாரின் தொப்பி பறந்து தன் லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட கதையை மறுபடி சொன்னான். அவள் மறுபடி சிரித்தாள். நடுநடுவே காற்று தளரும். இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். காற்று மறுபடி ஏறும். ஒரு கட்டத்தில், காற்று நிற்காமலே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இப்படியே இந்த அறையில், ரொட்டியும் அவனுமாக.

பிற்பகலில் அது நின்றது.

முதலில் ஒன்றுமில்லை. உடைகள் நேராகத் தொங்கின. எங்கோ ஒரு வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம், அவ்வளவு தூரத்திலிருந்தும், பக்கத்தில் கேட்டது. திரையில் 'காற்று, காத்திரு' மறைந்தது. நான்கு வரி மெனு வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. மேலே மோட்டார் ஒரு மிருகத்தைப் போலத் தொண்டையைச் செருமியது.

மணி அவர்கள் தலைக்கு நேர் மேலே அடித்தது. சில்வோ தொப்பியைக் கழற்றினான். பழக்கம். கழற்றியபிறகு, யாருக்காகக் கழற்றினோம் என்று தெரிந்து அதை மடியில் வைத்துக்கொண்டான். முதல் தவணை முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. ஸோர்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அணைந்துவிடுமோ என்று பார்ப்பவள் போல. மூன்றாவதும் முடிந்து கடைசி அதிர்வு கல்லுக்குள் போய் அடங்கும்வரை அவன் அசையவில்லை. பிறகு மூச்சை மெதுவாக விட்டான்.

"நல்லாத்தான் அடிக்குது" என்றான். "எழுந்திரு. போவோம்."

கோயில் கதவைத் திறந்துகொண்டு அவன் முன்னால் வந்தான். மேட்டடியில் ஊர் நின்றது. மணி கேட்டதும் அவர்கள் ஸோர்காவின் வீட்டுக்கு இரங்கலுக்குப் போகப் புறப்பட்டவர்கள். மில்கா கையில் வழக்கப்படி ஒரு மெழுகுவர்த்தி. கோயிலிலிருந்து சில்வோ இறங்கி வருவதை அவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் வர வர, வழி தானாக விட்டது.

"எனக்குத்தான் அடிச்சாங்க" என்றான் சில்வோ. "எல்லாரும் வந்துட்டீங்க, சந்தோஷம். ஒயின் இல்லையா?"

மில்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அத்தை, அது மெஷின். நான் தட்டினது" என்றாள் ஸோர்கா. "தெரிஞ்சேதான் தட்டினேன், இவருக்குக் காட்டறதுக்கு."

"தெரிஞ்சேவா?" என்றாள் மில்கா. மெழுகுவர்த்தியைக் கையில் புரட்டினாள். "சாவு வீட்டுக்குன்னு எடுத்ததைத் திருப்பி என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுடி." போகிற வழியில் அதை ஸோர்காவின் வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

சொன்ன சொல்படி சில்வோ லூப்லியானாவுக்குப் போனான். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றித் தைத்தார்கள். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஊர்லயே முடிஞ்சிடுச்சு" என்றானாம். அந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான் ஸோர்கா ஸ்கிரிப்டைத் திருத்தினாள். மெனு விசையைக் கேட்பதற்கு முன்னால், வரிசையில் காத்திருப்பவற்றையெல்லாம் விழுங்கித் துப்பிவிட ஒரு வரி. அம்பின் முதல் குறி வந்தால் அதன் வாலையும் சேர்த்து எறிந்துவிட இன்னொரு வரி. சாவு மணிக்கு மட்டும் 'உறுதியா' என்று ஒரு கேள்வி. காற்றில் தட்டிப் பார்த்தாள், காற்று நின்றது, மணி அடிக்கவில்லை. ஃபாதர் அவளைப் பாராட்டினார்.

சில்வோ அந்த வருஷத் திராட்சை அறுப்பைப் பார்த்தான். அடுத்த வருஷத்தையும். உதட்டுக்குச் சிவப்பு வந்தது, படி ஏறினான், உரக்கப் பேசினான். ஊரில்தான் பேச்சு வேறு மாதிரி ஆனது. அவன் எதிரே வந்தால் சின்னப் பிள்ளைகளை அம்மாக்கள் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சாராயக் கடையில் அவன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கெட்ட எண்ணம் கிடையாது. சமாதிக் கல்லுக்கு முன்னால் எப்படிக் குரலைத் தாழ்த்துவார்களோ, அப்படி. அவனைப் பற்றிப் பேசும்போது மில்கா 'நல்ல மனுஷனா இருந்தான்' என்றே சொன்னாள்.

அதையெல்லாம் அவன் கண்டுகொள்ளவில்லை. ஸோர்காவைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அவனுக்குப் பயம் போய்விட்டிருந்தது. கொஞ்சம் குறைந்தது என்று இல்லை, வேரோடு. மாத்திரையை மறந்தால், "அதுக்கென்ன" என்பான். உறைந்த மலைப்பாதையில் பழைய வேகத்தில் வண்டி ஓட்டினான். அவள் கத்தினால் சாந்தமாக அவள் பக்கம் திரும்பி, சாலையை விட்டுவிட்டு அவளையே பார்த்து, "எனக்கு அடிச்சாச்சே, ஸோர்கா" என்பான்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் புர்யாவில் கூரை ஓடுகள் இரண்டு கழன்றன. அவள் சமையலறையிலிருந்து வருவதற்குள் அவன் ஏணி போட்டு மேலே இருந்தான். ஓட்டின் மேல் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். காற்று அவன் கோட்டைத் தலைக்கு மேல் தூக்கியது. அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. தரையில் நிற்பவன் போல நிமிர்ந்து நின்றான்.

"இறங்கு சில்வோ."

"முடியட்டும்."

"காத்து நின்னப்பறம் செய்யலாம். இறங்கு."

அவன் கீழே பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் குறும்போ வீம்போ இல்லை. அவள் இரண்டு கையாலும் ஏணியை அழுத்திப் பிடித்தாள். காற்று நிற்க வேண்டும் என்று வேண்டினாள். நின்றால் அவன் பிழைப்பான். அது நிற்கப்போகும் அந்தக் கணத்தை நினைத்ததும், ஸ்கிரிப்டைத் திருத்தியவள் தானே என்று தெரிந்திருந்தும், மணி அடித்துவிடுமோ என்று காது கோபுரத்தின் பக்கம் போனது.

"ஸோர்கா" என்று மேலிருந்து கேட்டது. "அந்தப் பெரிய கல்லை எடுத்துக் குடு."

அவள் ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடியே குனிந்து, கல்லை எடுத்து, மேலே நீட்டினாள்.